தியேட்டருக்குப் புதிதாக வந்திருக்கும் சிஸ்டர்களுக்கு: காப்பீட்டு கேஸில் எதை, எப்போது, எப்படி எழுதி வைப்பது

வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு மாற்றலாகி வரும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு ட்ராலி அடுக்கவும், மாப் (ரத்தம் ஒற்றும் துணி) எண்ணவும், சர்ஜன் கை நீட்டும் முன்பே ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை எடுத்துக் கொடுக்கவும் சீனியர் அக்காக்கள் சொல்லித் தருவார்கள். காப்பீட்டு கேஸ்களில் நம் வேலை என்ன என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. க்ளெய்ம் (காப்பீட்டுப் பணம் கேட்டு அனுப்பும் கோப்பு) திரும்பி வந்த பிறகு "ஸ்டிக்கர் எங்கே சிஸ்டர், நேரம் ஏன் இப்படி இருக்கிறது" என்று இன்சூரன்ஸ் வார்டு மேனேஜர் ஓடி வரும்போதுதான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை மனதில் வைத்து எழுதியது. 2018-லிருந்து இது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்தே நடக்கிறது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் வேலை செய்பவர்களுக்குப் பொருந்தும்.

1. பணம் எந்த வழியாக வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அட்டை கிடைக்கும். இது நோயாளியின் பக்கம்.

மருத்துவமனையின் பக்கம் வேறு. ஒவ்வொரு அறுவைச் சிகிச்சைக்கும் 'பேக்கேஜ்' என்று ஒரே தொகை நிர்ணயித்திருக்கிறார்கள். படுக்கை, பரிசோதனை, மயக்க மருந்து, தையல் நூல், சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். நாம் இரண்டு நூல் பாக்கெட் பிரித்தாலும் ஆறு பிரித்தாலும் வருகிற தொகை ஒன்றுதான். தனியார் மருத்துவமனையில் அந்தத் தொகைக்குள்தான் சம்பளமும் வர வேண்டும். அரசு மருத்துவமனையில் சம்பளத்தை அரசு தருகிறது. மருந்து, நூல் பெரும்பாலும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கிலிருந்து, மருத்துவமனைக்கு ஒதுக்கிய தொகையில் கழித்துக்கொள்ளும் பாஸ்புக் கணக்கில் வந்துவிடுகின்றன. காப்பீட்டுத் தொகை இதற்கு மேல், செய்த வேலைக்கு ஏற்ப, மருத்துவமனையின் கணக்கில் சேர்கிறது. கிடங்கில் கிடைக்காத இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்தும் பொருள்), பழுதான கருவிக்கு மாற்று, ஊழியர்களுக்கான ஊக்கத்தொகை எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

முன்பு ஆண்டு ஒதுக்கீடு வந்தது, இருக்கிறதை வைத்து ஓட்டினோம். இப்போது அறுவைச் சிகிச்சை நடந்தது என்று காட்டினால்தான் காப்பீட்டுப் பணம் வரும். அது நடந்ததற்கான சான்றில் பாதிக்கு மேல் தியேட்டருக்குள் உருவாகிறது, அதை உருவாக்குவதும் பத்திரப்படுத்துவதும் நாம்தான். நிதி பற்றிய கூட்டங்களில் தியேட்டர் சிஸ்டர்களுக்கு நாற்காலி போடுவது அபூர்வம். ஆனாலும் அந்த நிதி நம் மேசையைத் தாண்டித்தான் போகிறது. ஊசி எண்ணிக்கையில் காட்டும் கவனத்தைக் காகிதத்திலும் காட்டச் சொல்வது இதனால்தான்.

2. முந்தின நாள் மாலை: ஓ.டி. லிஸ்ட்டோடு முன் அனுமதியையும் பாருங்கள்

மறுநாள் அறுவைச் சிகிச்சைகளின் லிஸ்ட் கைக்கு வந்ததும் எந்தெந்த கேஸ் காப்பீடு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இந்த நான்கையும் சரிபாருங்கள்.

காப்பீட்டுத் தரப்பிலிருந்து முன் அனுமதி வந்துவிட்டதா? 'அனுப்பியிருக்கிறோம்' என்பது அனுமதி ஆகாது. ஒப்புதல் வந்த தேதி கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும்.

அனுமதியில் உள்ள அறுவைச் சிகிச்சையும் லிஸ்ட்டில் உள்ளதும் ஒன்றா? அனுமதியில் 'வலது பக்க ஹெர்னியா', லிஸ்ட்டில் வெறும் 'ஹெர்னியா' என்றிருந்தால் அன்றைக்கே யூனிட்டில் சொல்லித் திருத்துங்கள்.

பெயர் ஒத்துப்போகிறதா? நம் ஊரில் அதிகம் இடறுவது இந்த இடத்தில்தான். காப்பீட்டு அட்டையில் 'செல்வி', ஆதாரில் 'செல்வி முருகன்', கேஸ் ஷீட்டில் 'மு. செல்வி' என்று மூன்று விதமாக இருக்கும். மூவரும் ஒருவரே என்று நமக்குத் தெரியும், சென்னையில் உட்கார்ந்து கோப்பைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. அட்டையில் இருப்பதுபோலவே தியேட்டர் பதிவேட்டில் எழுதுங்கள். வயதும் அப்படித்தான்.

இம்ப்ளான்ட் வேண்டிய கேஸ் என்றால் வந்துவிட்டதா, எல்லா அளவும் இருக்கிறதா? காலையில் நோயாளிக்கு ஸ்பைனல் (முதுகில் போடும் மரப்பு ஊசி) போட்ட பிறகு "அந்த சைஸ் இல்லை" என்று சொல்கிற நிலை யாருக்கும் வரக்கூடாது.

அட்டையே இல்லாமல் நோயாளி சேர்ந்திருந்தால் சொந்தக்காரர்களிடம் வழி சொல்லுங்கள். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்று கையில் இல்லையென்றால் அதற்குத்தான் நாள் பிடிக்கும், எனவே முதலில் அதற்கு அலையச் சொல்லுங்கள். அட்டைக்கு யாரும் பணம் கேட்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அவர்களே பேசலாம்.

அவசர கேஸ் என்றால் காகிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். தொலைபேசியில் தெரிவித்து ஒப்புதல் வாங்கும் வழி உண்டு. ராத்திரி டூட்டியில் யாரை அழைக்க வேண்டும், அந்த எண் எது என்பதைத் தியேட்டர் சுவரில் ஒட்டி வையுங்கள்.

3. தியேட்டர் வாசலில்

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் உங்கள் தியேட்டரிலும் இருக்கும். 19 அம்சங்கள், மயக்கம் கொடுக்கும் முன், கீறும் முன், நோயாளி வெளியே போகும் முன் என்று மூன்று நிறுத்தங்கள். எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்து 2009-இல் முடிவு வெளியானது. அறுவைச் சிகிச்சைக்குப் பிந்திய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. நோயாளியின் உயிருக்காக வந்த தாள் அது. அதோடு பெயர், பக்கம், செய்யப்போகும் அறுவைச் சிகிச்சை மூன்றையும் மூன்று பேர் சத்தமாகச் சொல்லிக் கையெழுத்திடும் ஒரே தாளும் அதுதான். பின்னால் கேள்வி வந்தால் நமக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கேஸ் முடிந்த பிறகு ஒட்டுமொத்தமாக டிக் அடிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதில் சேராதீர்கள்.

4. நேரம் எழுதுவது

தாளில் ஐந்து நேரம் இருக்க வேண்டும்: நோயாளி உள்ளே வந்தது, மயக்கம் தொடங்கியது, கீறியது, தையல் முடிந்தது, வெளியே போனது. இதை சர்க்குலேட்டிங் சிஸ்டர் (மேசையில் கை கொடுக்காமல் சுற்றி நின்று உதவுபவர்) எழுதுகிறார். அனஸ்தீசியா சார்ட்டில் மயக்க மருத்துவர் தனியாக எழுதுகிறார். சர்ஜன் தன் குறிப்பில் மூன்றாவதாக எழுதுகிறார். மூவரும் மூன்று கடிகாரத்தைப் பார்த்தால் தையல் போட்டு முடிந்த பிறகு மயக்கம் கொடுத்ததுபோல் ஆகிவிடும். இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று தோன்றும், ஆனால் க்ளெய்ம் நிற்கும். காலையில் முதல் கேஸுக்கு முன் "சுவர்க் கடிகாரம்தான் சார் கணக்கு" என்று சொல்லிவிடுங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

24 மணி நேர முறையில் எழுதுங்கள். 12.30 என்றால் பகலா இரவா என்ற கேள்வியே வராது.

நள்ளிரவைத் தாண்டும் கேஸ்களில் ரொம்பக் கவனம் தேவை. குடல் ஓட்டை விழுந்து வந்தவரை 23.40-க்கு உள்ளே எடுக்கிறோம், 00.20-க்குக் கீறுகிறார்கள். நம் பதிவேட்டில் முதல் நாள் தேதி, சர்ஜன் குறிப்பில் மறுநாள் தேதி, டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டில் ஏதோ ஒன்று. நடந்தது ஒரு அறுவைச் சிகிச்சை, காகிதத்தில் இரண்டு தேதி. ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் தேதியையும் எழுதினால் தீர்ந்தது. அறுவைச் சிகிச்சை தேதி என்று எதை எழுதுவது என்பதை சர்ஜனிடம் அங்கேயே கேட்டு எல்லாத் தாளிலும் ஒன்றாக எழுதுங்கள்.

5. இம்ப்ளான்ட் ஸ்டிக்கர்

பெட்டியைப் பிரித்தால் ஒரே மாதிரி நாலைந்து ஸ்டிக்கர் இருக்கும். தயாரிப்பாளர் பெயர், ரெஃபரன்ஸ் எண், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), அளவு, காலாவதி தேதி எல்லாம் அதில்தான். ஒன்று கேஸ் ஷீட்டுக்கு, ஒன்று தியேட்டர் இம்ப்ளான்ட் பதிவேட்டுக்கு, ஒன்று க்ளெய்முக்கு, ஒன்று நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரிக்கு. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். பொருத்தியது செயற்கை மூட்டு என்றால், பத்து வருஷம் கழித்து அதை மாற்ற வேண்டி வரும்போது உள்ளே இருப்பது என்ன என்று வேறு ஊரில் ஒரு மருத்துவர் தேடுவார்.

நான் முன்பு வேலை செய்த இடத்தில் இடுப்பு எலும்பு முறிந்த ஒரு பாட்டிக்குப் பந்து மாற்றினார்கள். நல்லபடியாக முடிந்தது, பாட்டி வாக்கரைப் பிடித்து நடந்து வீட்டுக்கும் போய்விட்டார். ஸ்டிக்கரைப் பிரித்தவர் கையில் தாள் இல்லாததால் பக்கத்தில் இருந்த க்ளவுஸ் உறையின் மேல் ஒட்டி வைத்திருக்கிறார். சுத்தம் செய்தபோது உறை குப்பைப் பையோடு போய்விட்டது. லாட் எண் இல்லாமல் க்ளெய்ம் திரும்பியது. விற்பனையாளரிடம் டெலிவரி சலான் வாங்கி, மறுபடி எக்ஸ்-ரே படத்தை இணைத்து, விளக்கக் கடிதம் எழுதி... அத்தனையும் ஒரு சின்னக் காகிதத் துண்டுக்காக.

அதனால் இப்படிச் செய்யுங்கள்: இம்ப்ளான்ட் கேஸ் தொடங்கும் முன்பே நோயாளியின் பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) எழுதிய ஒரு தாளை க்ளிப் போர்டில் மாட்டிவிடுங்கள். பெட்டி பிரிந்த நொடியில் ஸ்டிக்கர் அந்தத் தாளுக்குத்தான் போக வேண்டும். பிரித்தும் பொருத்தாமல் போன அளவின் ஸ்டிக்கரைத் தனியாக ஒட்டிப் பக்கத்தில் 'பொருத்தவில்லை' என்று எழுதுங்கள். கண்புரை கேஸில் லென்ஸ், ஹெர்னியாவில் மெஷ் (வலை), எலும்பில் தகடும் திருகும், எல்லாவற்றுக்கும் இதே முறை.

தனியார் மருத்துவமனையில் இருந்தால் பில்லில் உள்ள ரெஃபரன்ஸ் எண்ணும் ஸ்டிக்கரில் உள்ளதும் ஒன்றா என்றும் பாருங்கள். இதய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலும், முழங்கால் மூட்டு இம்ப்ளான்ட்டுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும் மத்திய அரசு உச்சவிலை வைத்தது. எந்த வகை என்பதைப் பொறுத்து உச்சவிலை மாறும். ஸ்டிக்கரில் ஒரு வகையும் பில்லில் இன்னொரு வகையும் இருந்தால் நாம் கண்டும் காணாமல் போகக் கூடாது.

6. படமும் மாதிரியும்

பல பேக்கேஜ்களுக்கு அறுவைச் சிகிச்சையின்போது எடுத்த படம் கேட்கிறார்கள். எடுத்த உறுப்பின் படம், திசுப் பரிசோதனை முடிவு, சீ-ஆர்ம் (தியேட்டருக்குள் வைக்கும் எக்ஸ்-ரே கருவி) படம், பிறகு எடுத்த எக்ஸ்-ரே என்று பேக்கேஜுக்குத் தக்கபடி மாறும். உங்கள் தியேட்டரில் அதிகம் நடக்கும் அறுவைச் சிகிச்சைகளுக்கு எதெது தேவை என்று வார்டு மேனேஜரிடம் ஒரே பக்கத்தில் எழுதி வாங்கி ஒட்டுங்கள். பித்தப்பையை வெளியே எடுத்துப் பாட்டிலில் போட்டு மூடிய பிறகு "படம் எடுத்தீர்களா" என்று கேட்பதில் பயனில்லை.

படத்தில் நோயாளியின் ஐ.பி. எண் தெரியும்படி ஒரு சீட்டு வையுங்கள். முகமோ மறைவிடமோ தேவையில்லாமல் விழக்கூடாது. சொந்த போனில் எடுக்காதீர்கள், வாட்ஸ்ஆப் குழுவில் போடவே கூடாது. மருத்துவமனைக்கு என்று ஒரு கேமராவோ டேப்லெட்டோ கேட்டு வாங்குங்கள். மயங்கிக் கிடக்கிற மனிதரின் மானம் அந்த நேரத்தில் நம் பொறுப்பு. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பரிசோதனைக்கு அனுப்பும் திசு மாதிரியின் பாட்டிலில் லேபிளைப் பக்கவாட்டில் ஒட்டுங்கள், மூடியில் ஒட்டாதீர்கள். ஆய்வகத்தில் யார், எப்போது பெற்றுக்கொண்டார்கள் என்று கையெழுத்து வாங்குங்கள்.

7. உள்ளே திட்டம் மாறினால்

லேப்பராஸ்கோப்பி (சிறு துளை வழியாகச் செய்வது) என்று தொடங்கித் திறந்து செய்ய வேண்டி வரும். ஹெர்னியா என்று திறந்தால் குடல் கெட்டிருக்கும், ஒரு பகுதியை வெட்டி இணைப்பார்கள். அனுமதி வாங்கியது ஒன்று, செய்தது வேறு. சர்ஜன் கை கழுவி வெளியே போகும் முன் மூன்று விஷயம் நடக்க வேண்டும்: ஏன் மாற்றினோம் என்று அவர் குறிப்பில் எழுத வேண்டும், சொந்தக்காரர்களிடம் சொன்னதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும், வார்டு மேனேஜருக்கு அன்றே தகவல் போக வேண்டும். டிஸ்சார்ஜ் நாளில் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரே அமர்வில் இரண்டு மூன்று அறுவைச் சிகிச்சை செய்தால், ஆயுஷ்மான் பாரத் விதிப்படி அதிகத் தொகை உள்ளதற்கு 100 சதவீதம், இரண்டாவதற்கு 50, மூன்றாவதற்கு 25 என்று கணக்கு. இரண்டாவதை நம் பதிவேட்டில் எழுதாமல் விட்டால் அந்தத் தொகை அப்படியே போய்விடும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. செய்யாததைச் செய்ததாகவோ, சின்னதைப் பெரிதாகவோ எழுதச் சொல்லி யாராவது கேட்கலாம். எழுதாதீர்கள். மோசடி கண்டுபிடிக்கப்பட்டால் முதலில் தேடி எடுப்பது தியேட்டர் பதிவேட்டைத்தான், அதில் இருப்பது நம் கையெழுத்து. பிழை திருத்த வேண்டி வந்தால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுங்கள். வெள்ளை மை வேண்டவே வேண்டாம்.

8. செலவுத் தாள்

ஒவ்வொரு கேஸுக்கும் அரைப் பக்கம் போதும். பிரித்த நூல் எத்தனை, எந்த வகை. க்ளவுஸ், மாப், கேத்தீட்டர், ட்ரெய்ன். பிரித்தும் பயன்படுத்தாமல் எறிந்தவை தனியாக. ஸ்டோர் பார்மசிஸ்ட்டிடம் விலை கேட்டு மாத முடிவில் போட்டுப் பாருங்கள்.

ஒரு பேக்கேஜ் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தியேட்டர் பொருள்கள் மட்டும் 6,000 ஆகிறது, அதில் 900 ரூபாய்க்குப் பிரித்து வீணானவை என்று தாள் காட்டினால் எங்கே பிடிக்கலாம் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் சர்ஜன் கேட்பார் என்று நினைத்து முன்கூட்டியே பிரித்து வைப்பதுதான் காரணமாக இருக்கும். ஒவ்வொரு சர்ஜனுக்கும் எந்த நூல், எந்த எண் என்று ஒரு அட்டை எழுதி வையுங்கள். விலை உயர்ந்த மெஷ், ஸ்டேப்ளர் போன்றவற்றை "பிரிக்கட்டுமா சார்" என்று கேட்டே பிரியுங்கள்.

மிச்சம் பிடிக்கிறோம் என்று ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) வைக்கும் சுற்றுகளிலும், ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய பொருளிலும் கை வைக்காதீர்கள். புண் சீழ் பிடித்தால் வலி நோயாளிக்கு, கூடுதல் படுக்கை நாள்களின் செலவு மருத்துவமனைக்கு.

அடுத்த பொறி, வெளியே வாங்கிவரச் சொல்லும் துண்டுச் சீட்டு. காப்பீட்டு நோயாளியிடம் பேக்கேஜுக்குள் அடங்கும் எதற்கும் பணம் வாங்கக் கூடாது, வாங்கிவரவும் சொல்லக் கூடாது. தியேட்டர் கதவைப் பாதி திறந்து "இந்த நூல் இல்லை, வாங்கிட்டு வாங்க" என்று நீட்டும்போது வெளியே நிற்கிற அண்ணன் யாரிடம் கடன் கேட்பார் என்று யோசித்துப் பாருங்கள். இருப்பு இல்லையென்றால் முந்தின நாளே ஸ்டோருக்கு இண்டென்ட் (பொருள் கேட்கும் சீட்டு) போடுங்கள். கொடுக்காவிட்டால் 'இருப்பு இல்லை' என்று எழுதி வாங்குங்கள்.

9. கோப்பு வெளியே போகும் முன்

நோயாளி ரெக்கவரி அறைக்குப் போனதும் கேஸ் ஷீட்டில் இவை இருக்க வேண்டும்: கன்சென்ட், சரிபார்ப்புப் பட்டியல், அனஸ்தீசியா சார்ட், சர்ஜரி குறிப்பு, எண்ணிக்கைத் தாள், ஸ்டிக்கர். சர்ஜரி குறிப்பு இல்லாமல் கேஸ் ஷீட்டை வார்டுக்கு அனுப்பாதீர்கள். "அப்புறம் எழுதிக்கறேன் சிஸ்டர்" என்பார்கள், அடுத்த கேஸ், அதற்கடுத்த கேஸ் என்று மறந்துபோகும். அடுத்த கேஸுக்கு மயக்கம் கொடுக்கும் இடைவெளியில் பேனாவோடு போய் நில்லுங்கள். கோபிக்க மாட்டார்கள்.

காகிதமெல்லாம் சரியாக இருந்தால் மாநிலத்துக்குள் நடந்த கேஸின் க்ளெய்மை 15 நாளில் தீர்க்க வேண்டும் என்பது ஆயுஷ்மான் பாரத் விதி. கேள்வி எழுப்பி அனுப்பிவிட்டால் இந்தக் கணக்கு நின்றுபோகும். எனவே க்வெரி வந்தால் அன்றே பதில் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிஷம் போதும், வார்டு மேனேஜரோடு உட்கார்ந்து எது எதற்காகத் திரும்பியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் தியேட்டரின் வழக்கமான ஓட்டை எது என்று அந்த நோட்டே காட்டிவிடும்.

10. வந்த பணத்தில் தியேட்டருக்கு வேண்டியதைக் கேளுங்கள்

இதைப் புதியவர்கள் செய்யத் தயங்குகிறார்கள், பழையவர்களும்தான். கேளுங்கள். மங்கலான வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கித் தைக்க வைக்கிற தியேட்டர் விளக்கு, முனை மழுங்கிய கத்தரிக்கோல், பாதியில் நிற்கும் சக்ஷன் (ரத்தம் உறிஞ்சும் கருவி) இவற்றை அதிகம் தெரிந்தவர்கள் நாம். வாய்ச்சொல்லாகச் சொன்னால் "பார்க்கலாம்" என்பார்கள். எழுத்தில் கொடுங்கள்: அந்த மாதத்தில் நடந்த காப்பீட்டு கேஸ்கள், தேவையான பொருள், ஏன் தேவை, அது இல்லாததால் எத்தனை கேஸ் தள்ளிப்போனது. இதற்காகவே கேஸ் ரத்தானால் காரணத்தையும் பதிவேட்டில் எழுதி வையுங்கள்: ரத்தம் கிடைக்கவில்லை, அனுமதி வரவில்லை, கருவி பழுது என்று.

நர்சிங் சூப்பரிண்டெண்ட் வழியாக ஆர்.எம்.ஓ.வுக்கும் (உறைவிட மருத்துவ அலுவலர்) மருத்துவமனைத் தலைமைக்கும் போகட்டும். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. விலைப்புள்ளி வாங்கவும் ஒப்புதல் பெறவும் நாளாகும் என்பதால் டிசம்பருக்குள் கொடுத்துவிடுவது நல்லது. பிப்ரவரி கடைசியில் கொடுத்தால் பில் முடிக்கும் அவசரத்தில் அடியில் போய்விடும். கோரிக்கையின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் கையெழுத்தும் வாங்கித் தியேட்டர் ஃபைலில் வையுங்கள். நீங்கள் வேறு யூனிட்டுக்கு மாறிப் போனாலும் அடுத்து வரும் இன்சார்ஜ் சிஸ்டர் அதை வைத்து மறுபடி கேட்க முடியும்.